எதிர்ப்பக்கம் மடக்கிய இலை

கொல்லம் 1107ஆம் ஆண்டு, மாசி மாதம் ஒன்பதாம் தேதி. அன்றும் வழக்கம்போல வெளிச்சம் வருமுன் எழுந்தேன். உமிக்கரியால் பல் தேய்த்தேன். குளத்தில் குளித்து, ஈர வேட்டியைக் கொடியில் விரித்து, திருநீறு பூசிக்கொண்டு, முந்தின நாள் எழுதி முடித்த ஆதாரத்தை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் வாசித்தேன். இரணியலில் ரிஜிஸ்தர் கச்சேரிக்கு எதிரே ஆதாரம் எழுதுவது என் தொழில். ஒருவர் தன் நிலத்தை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரத்தைத்தான் எங்கள் பக்கத்தில் ஆதாரம் என்போம். அதில் ஒரு சொல் இடம் மாறிவிட்டால் அண்ணன் தம்பிகள் ஆயுள் முழுக்கக் கோர்ட்டுப் படி ஏறுவார்கள். ஆகையால் எழுதியதை மறுநாள் காலையில் முதல் வேலையாக வாசித்துப் பார்க்காமல் யார் கையிலும் கொடுத்ததில்லை.

அன்று கச்சேரி விடுமுறை. கோட்டாற்றில் ஒரு வைத்தியரிடம் என் தங்கை மகளைக் கூட்டிப் போவதாக இருந்தது. அவளுக்கு அப்போது எட்டு வயது. தங்கை கார்த்திகை மாதம் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் கணவர் மலையில் ஒரு தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. மாதத்துக்கு ஒருமுறை இறங்கினால் அதிகம். ஆகவே பிள்ளை எங்கள் வீட்டில் இருந்தாள்.

அவள் சாப்பிடவில்லை. அடம் பிடிக்கவில்லை, அழவில்லை. கஞ்சியை முன்னால் வைத்தால் பிலாவிலையால் இரண்டு வாய் கோரிக் குடிப்பாள். பிறகு கிண்ணத்தைச் சத்தம் வராமல் ஓரமாக நகர்த்தி வைப்பாள். என் மனைவி புட்டு அவித்துப் பார்த்தாள், ஆப்பம் சுட்டுப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் இரண்டு வாய்தான். தை மாதம் முடிவதற்குள் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. தைத்த சட்டை தோளில் நிற்காமல் வழிந்தது. தங்கையின் சாவுக்கு நான் அழுது முடித்துவிட்டேன். இது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது.

வைத்தியர் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், கண் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு பிள்ளையை முற்றத்தில் நின்ற பசுவைப் பார்க்க அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்:

"நோவு ஒண்ணும் இல்லை, கேட்டேரா. வயிறு நல்லாத்தான் இருக்கு. மனசுதான் அடைச்சுக் கெடக்கு. மருந்து தந்தா மருந்தையும் ரெண்டு வாய் குடிச்சிட்டு வச்சிருவா. அவளா வாயைத் தொறந்து பசிக்குன்னு ஒரு நாள் சொல்லுவா. அன்னைக்கு எந்த எடத்துல நின்னாலும் சரி, அந்த எடத்துலயே வாங்கிக் குடுத்திரும். வீட்டுல போய்ப் பாத்துக்கிடலாம்னு மட்டும் சொல்லிராதேயும். அந்த ஒரு நேரம் அவ நிறையத் தின்னுட்டா, பெறகு தானா வழிக்கு வந்திரும்."

அந்த நாள் அன்றைக்கே வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். சாலைக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு சாப்பாட்டுக்கடை திறந்திருந்தது. தென்னோலைப் பந்தல் இன்னும் பச்சை மாறவில்லை. வாசலில் கட்டிய மாவிலைத் தோரணம் பாதி காய்ந்திருந்தது. உள்ளே எங்கோ உள்ளித்தீயல் குழம்பு கொதித்தது. வறுத்த தேங்காயும் புளியும் சேர்ந்த அந்த மணம் சாலையைத் தாண்டி எங்கள் மேல் வந்தது. பிள்ளை என் வேட்டியைப் பிடித்தாள்.

"மாமா, பசிக்கு."

பஸ் வருகிற சத்தம் கேட்டது. போகட்டும் என்று விட்டுவிட்டு அவளைத் தூக்காத குறையாகச் சாலையைக் கடந்தேன்.

நான் சாப்பாட்டுக்கடைகளில் உட்காருகிறவன் அல்ல. போற்றிமார் என்ற பிராமணர்களின் கடைகளில் தட்டி வைத்து மறைத்திருப்பார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். எங்களுக்கும் பின்னால் கொல்லைப்புறத்தில் நிற்க வேண்டியவர்கள் வேறு. காசைக் கொடுத்து இடம் தெரிந்து உட்காருவதற்கு வீட்டுக் கஞ்சி மேல் என்று நினைப்பேன். இந்தக் கடை எங்கள் ஆட்களில் ஒருவர் வைத்தது என்று வைத்தியர் வீட்டில் பேச்சோடு பேச்சாகக் கேட்டிருந்தேன். தட்டியும் இல்லை. அதனால் தயக்கமில்லாமல் போய் உட்கார்ந்தேன். நம் ஆட்கள் என்ற அந்த எண்ணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முதலாளி காசுப் பெட்டியடியில் இருந்தார். சந்தனப் பொட்டு, புது உருமால், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்திலேயே பிள்ளையார் மாதிரி. பரிமாறியது அவருடைய மைத்துனன், முப்பது வயதிருக்கும், வாய் ஓயாத ஆள். எங்களுக்கு எதிர் வரிசையில் தோளில் நேரியல் போட்ட ஒரு பெரியவர் பப்படத்தில் காரம் கூடிவிட்டது என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது பப்படம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மைத்துனன் இலை போட்டு வெள்ளம் தெளித்தார். "பிள்ளைக்குப் பாதிச் சோறு போதும் என்னா?"

"முழுசாப் போடுங்கோ," என்றாள்.

"இந்த வயித்துக்கா? மிச்சத்தை நான் எங்க கொண்டு களைய?"

"மிச்சம் வராது."

"வந்தா?"

"வராதுன்னு சொன்னேன்லா."

அவர் சிரித்துக்கொண்டு முழுச்சோறு வைத்தார். பருப்பு, பப்படம், அவியல், முட்டைக்கோசுத் துவரன், தீயல். பிள்ளை தலையைக் குனிந்தவள் நிமிரவில்லை. தீயலை மட்டும் இரண்டு தரம் கேட்டு வாங்கினாள். ஒருமுறை என் பக்கம் திரும்பி, "மாமா, தேங்காயை நல்லாச் செவக்க வறுத்திருக்கு," என்றாள். அது என் தங்கை அடுக்களையில் சொல்லும் பேச்சு, அதே ராகத்தில். அவள் தின்பதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் என் இலை பாதிகூட ஆகவில்லை.

"ஏட்டி, நீ இப்படி நாலு நாள் வந்தா எங்க அத்தான் கடையைப் பூட்டிட்டுப் போவாரு," என்றார் மைத்துனன், ரசம் ஊற்றிக்கொண்டே.

"நாளைக்கும் வருவேன்," என்றாள்.

மூன்று மாதமாக அந்த வாயிலிருந்து நாளை என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை.

மோரும் ஊற்றித் தின்று முடித்தாள். இலையில் ஒரு பருக்கை இல்லை. விரலை நக்கிவிட்டு, இலையின் கீழ்ப்பாதியைத் தன் பக்கத்திலிருந்து எடுத்து, எதிர்ப்பக்கமாக மடக்கி, ஓரத்தோடு ஓரம் சரியாக வைத்து, கையால் ஒரு தரம் நீவிவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் சாப்பிட்டு எழும்போது இலையின் மேல்பாதியைத் தன் பக்கமாக மடக்குவார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது, மறுபடியும் வருவோம் என்று அதற்கு அர்த்தம். கீழிருந்து எதிர்ப்பக்கமாக மடக்குவது துட்டி வீட்டில், செத்தவர்களுக்கு வைக்கும் அடியந்திரச் சாப்பாட்டில் மட்டும். இனி இப்படி ஒன்றுக்கு இந்த வீட்டுக்கு வரவேண்டாம் என்று அதற்கு அர்த்தம்.

பிள்ளைக்கு இதில் ஒன்றுதான் தெரியும். வீட்டில் அவள் கிண்ணத்தில்தான் சாப்பிடுவாள். கல்யாண வீடுகளில் அவள் தின்ற இலையை என் தங்கையே மடக்கி எடுத்துவிடுவாள். அவளாக மடக்கிய முதல் இலை அவள் அம்மையின் பதினாறாம் நாள் அடியந்திரத்தில் போட்ட இலை. பக்கத்தில் இருந்த உறவுக்காரி ஒருத்தி, "இன்னைக்கு இப்படி மடக்கணும் மக்கா," என்று கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தாள். பிள்ளை கை போன விதத்தை மனத்தில் வைத்துக்கொண்டாள். 'இன்னைக்கு' என்ற சொல்லை விட்டுவிட்டாள். என் தொழிலில் இதற்குப் பிழைதிருத்தாதாரம் என்று ஒன்று உண்டு. விட்டுப்போன சொல்லைச் சொல்லி, முன் எழுதியதை இவ்வாறு வாசித்துக்கொள்ளவும் என்று ஒரு தாளில் எழுதினால் தீர்ந்தது. யாரும் யாரையும் வைய வேண்டியதில்லை.

பெரியவர் பப்படத்தை இலையில் போட்டார்.

"வேய் முதலாளி, இங்கன வாரும். வந்து இதைப் பாரும்."

முதலாளி வந்தார். என் இலை விரிந்து கிடந்தது. பிள்ளையின் இலையைப் பார்த்தார்.

"யாரு மடக்கினது?"

"நான்தான்," என்றாள் பிள்ளை. அழகாக மடக்கியதற்குப் புகழப் போகிறார் என்று நினைத்தாள். முகத்தில் அது தெரிந்தது. அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

"ஏட்டி, கடை தொறந்து மாசம் ஒண்ணு தெகையலை. எனக்க கடைக்கு அடியந்திரம் நடத்தவா வந்தே?"

"சின்னப் பிள்ளை, தெரியாம மடக்கிட்டா," என்றேன். "நான் திருப்பி மடக்குகேன்." கையை நீட்டினேன்.

"நீரு தொடாதேயும். அவளே மடக்கட்டும். இதுகூடச் சொல்லிக் குடுக்காத வீடும் இருக்குவே நாட்டுல."

"படிச்ச வீடு போலத் தெரியுது," என்றார் பெரியவர், என் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டு. "பேனா பிடிக்கச் சொல்லிக் குடுத்திருப்பாவ. இலை மடக்கவா நேரம்?"

பிள்ளை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நம்பிச் சொன்னாள்:

"எங்க அம்மைக்க அடியந்திரத்துல இப்படித்தான் மடக்கச் சொன்னாங்கோ."

கடையில் எல்லார் கையும் இலைமேல் நின்றது. இனி இந்த மனிதர் கூசிப்போவார், ஒன்றும் பேசாமல் பெட்டியடிக்குத் திரும்புவார் என்று நினைத்தேன். எந்த மனிதனும் அதைத்தான் செய்வான்.

அவர் என்னிடம் திரும்பினார். "அப்ப வருசம் திரும்பாத துட்டி வீடா? அந்தத் தீட்டோடயா கொண்டுவந்து எனக்க கடையில இருத்தினேரு?" உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார்: "சாணி வெள்ளம் கொண்டாலே."

"அத்தான், பிள்ளை இன்னும் கை கழுவலை," என்றார் மைத்துனன்.

"கொண்டாலேன்னேன்."

மைத்துனன் அசையவில்லை. முதலாளியே உள்ளே போய்ச் செம்போடு வந்தார். பிள்ளை அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், எச்சில் கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி. அவள் நகரும்வரைகூட அவர் காத்திருக்கவில்லை. அவள் உட்கார்ந்த பலகையில் தெளித்தார், தரையில் தெளித்தார். அவள் பாவாடை ஓரத்திலும் விழுந்தது. அவள் குனிந்து அதைப் பார்த்தாள். அழவில்லை. வாயை மட்டும் இறுக மூடிக்கொண்டாள். மூன்று மாதமாக எங்கள் வீட்டில் கிண்ணத்தின் முன்னால் நான் பார்த்துவந்த அதே வாய். திறந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

பதினாறோடு தீட்டுக் கழிந்துவிட்டது என்று அந்த மனிதருக்கும் தெரியும். வருஷம் திரும்புவது கோவில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் பார்ப்பது, கடையில் சோறு தின்பதற்கு அல்ல என்றும் தெரியும். எல்லா முறையும் தெரிந்தவர்கள்தான் முறையைத் தடியாக எடுத்து எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் போடுகிறார்கள். இதைச் சொல்லத்தான் எனக்கு நாக்கு எழும்பியது. ஆனால் அவள் முன்னால் தீட்டு என்ற சொல்லை இன்னொரு தரம் யாரும் சொல்லக்கூடாது, நானும் சேர்த்து, என்று தோன்றியது.

மைத்துனன்தான் அவள் தோளைத் தொட்டார். "வா மக்கா, கை கழுவலாம். கெணத்துல ஆமை கெடக்கு, பாத்திருக்கியா?" அவளைப் பின்பக்கம் கூட்டிப்போனார்.

அவள் தலை மறைந்ததும் நான் என் இடத்தில் மறுபடி உட்கார்ந்தேன். மீதிச் சோற்றைத் தின்றேன். அவசரப்படவில்லை. தீயல் ஆறிப்போயிருந்தது. கடைசிப் பருக்கையையும் தின்றேன். பிறகு இலையின் கீழ்ப்பாதியை எடுத்து, எதிர்ப்பக்கமாக மடக்கி, ஓரத்தோடு ஓரம் வைத்து, அவள் நீவியது போலவே நீவினேன்.

"பிள்ளை தெரியாம மடக்கினா," என்றேன். "இது தெரிஞ்சு மடக்கினது. நல்லாப் பாத்துக்கிடும்."

முதலாளியின் முகத்தில் ரத்தம் வற்றியது. செம்பு கையிலேயே இருந்தது. பெரியவர் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தார். தன் இலையை மடக்கக்கூட மறந்துபோனார். நான் காசைப் பெட்டிமேல் வைத்தேன். பிள்ளை கை கழுவிவிட்டு வந்தாள். வந்தவள் வாசலில் நின்று என் இலையைத் திரும்பிப் பார்த்தாள்.

பஸ் வில்லுக்குறி தாண்டியது. பிள்ளை என் காதுப்பக்கம் எட்டிக் கேட்டாள்.

"மாமா, உங்களுக்கும் தெரியாதா?"

என்ன கேட்கிறாள் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. என் இலையும் தன் இலை போலவே மடங்கியிருந்ததைப் பார்த்துத்தான் கேட்கிறாள் என்று விளங்கியபோது, அந்தக் கடைக்காரனுக்காக எடுத்து வைத்திருந்த சொற்களெல்லாம் வாயில் உதிர்ந்துபோயின.

"தெரியாது மக்கா," என்றேன்.

"அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியும்னு நினைக்கேன்."

அவள் தலையாட்டினாள்.

வீட்டில் என் மனைவி பாவாடை ஓரத்தைப் பார்த்ததும் என்னைப் பார்த்தாள். பிள்ளை உள்ளே போனபிறகு நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் கூடிக்கொண்டு போனது. கடைசியில் நான் மடக்கிவிட்டு வந்ததையும் சொன்னேன். அவள் என் பக்கம் நின்று அந்த ஆளை வைவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அவன் செய்தது அக்கிரமம்," என்றாள். "நீங்க செய்தது என்ன? செத்தவளை நினைச்சு மடக்கின மடக்கை ஒருத்தன் வயித்துப்பாட்டுக்கு நேரா மடக்கிட்டு வந்திருக்கீங்க. உங்க தங்கச்சி இருந்தா இதைக் கேட்டுக்கிட்டு இருப்பாளா?"

"இனி என் வீட்டுல யாரும் எந்தப் பக்கமும் மடக்க வேண்டாம். அப்படியே போட்டுட்டு எந்திரிச்சா போதும்," என்றேன்.

"நல்லாருக்கு. நாளைக்கு அவ ஒரு கல்யாண வீட்டுல போய் இருப்பா. நாலு பொம்பளைக சுத்தி இருப்பாளுக. அங்க வந்து பேனாவை எடுத்துக் காட்டுவீங்களா? நான் சொல்லிக் குடுத்துக்கிடுகேன். நீங்க சும்மா இரிங்க."

அவள் சொன்னதில் பிழை காண முடியவில்லை. அதனாலேயே எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. இவ்வளவு சின்ன விஷயம், ஒரு இலை, ஒரு கை, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா. இதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும் என்றால் அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு வாய் போதுமே. சாணிச் செம்பு எதற்கு?

அந்தி விளக்கு வைத்தபின் மனைவி ஒரு இலைத்துண்டோடு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இங்க பாரு மக்கா, நல்ல காரியத்துக்கு மேலேருந்து இப்படி."

பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எனக்கு எலை வேண்டாம்."

"சரி, கிண்ணத்துல சோறு போடட்டா?"

"சோறும் வேண்டாம்."

ஒரு வாய்கூட இல்லை. அதுவரை இரண்டு வாய் இருந்தது. அந்த இரண்டையும் அந்தக் கடைக்காரன் பிடுங்கிக்கொண்டான். படுக்கப் போகும்போது என் பக்கத்தில் வந்து நின்று, "மாமாவும் நாளைக்கு அத்தைகிட்ட படிப்பீங்களா?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. தெரியாதவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பது அவளுக்கு வேண்டியிருந்தது. படிப்பேன் என்றேன்.

அந்தக் கடையை நான் மன்னிக்கவில்லை. கோட்டாற்றுக்குப் போனால் இன்றும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. நான் மடக்கிய மடக்கு பலிக்கவும் இல்லை. கடை நன்றாக நடந்து, ஓலை மாறி ஓடு வந்தது.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கொல்லையில் இறங்கி இரண்டு இலை அறுத்தேன். கொடுக்குமுன் இன்னொரு தரம் வாசித்துப் பார்க்க வேண்டிய ஆதாரம் பெட்டியின் மேல் கிடந்தது. அதைத் தொடவில்லை. இலைகளைக் கழுவி அடுக்களைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, ஒன்றின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து சற்று நேரம் நின்றாள். பிறகு மற்றதன் முன்னால் உட்கார்ந்து உடனே இலையைத் தூக்கப் போனாள்.

"தின்னாத இலையை மடக்கப்பிடாது," என்றாள் என் மனைவி. "ரெண்டு பேருக்கும்தான் சொல்லுகேன். முதல்ல தின்னுங்க."

புட்டும் பயறும் வைத்தாள். பிள்ளை முதல் இரண்டு வாய் தின்றாள். நான் பார்க்காத மாதிரி என் புட்டைப் பிசைந்துகொண்டிருந்தேன். மூன்றாவது வாயை எடுத்தாள். சீக்கிரம் முடிக்க வேண்டும் என்பது போல வேகமாகத் தின்றாள். எனக்கு முன்னால் முடித்துவிட்டுக் காத்திருந்தாள்.

"இனி மேல்பக்கத்தைப் பிடிங்க. நம்ம பக்கமா," என்றாள் மனைவி.

நான் மடக்கினேன். பிள்ளை தன் இலையை மடக்கி நீவிவிட்டு, என்னுடையதை எட்டிப் பார்த்தாள்.

"மாமா, ஓரம் சேரலை."

பிரித்து மறுபடி மடக்கினேன்.